அப்பா இவ்வளவு குண்டா இல்லையே!

போன மாதம் அப்பாவுக்கு முதல் வருஷம். ஊரிலிருந்து அக்கா குடும்பம், செம்பூரிலிருந்து சித்தப்பா, தாராவியிலிருந்து அப்பாவின் பால்ய சிநேகிதர் என்று பாண்டுப் வீடு நிறைந்துவிடும். எல்லாரும் உட்கார்ந்து பார்க்க ஒரு பத்து நிமிஷப் படம் செய்யலாமே என்று ஆசை. 1998-இல் அம்பாசமுத்திரத்தில் நடந்த அக்கா கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். அதில் அட்சதை போட்டுவிட்டு அப்பா திரும்பி, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே படத்தை உறைய வைத்து முடிக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

பி.காம் படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்க்கிறவன் வீடியோ எடிட்டிங்கில் கை வைத்தால் என்ன ஆகும்? ஆயிற்று.

முதல் தடவை போட்டுக் காட்டியதும் அம்மா கேட்டார்: "இது யாருல? உங்கப்பா எப்ப இவ்வளவு குண்டா இருந்தாக?"

ஏதோ தட்டிக்கொட்டி இரண்டாம் தடவை போட்டேன். ஓடும்போது சரியாக இருந்தது. சிரிப்பில் நிறுத்தியதும் முகம் சட்டென்று ஒடுங்கியது. "கன்னம் ஒட்டிப் போச்சே. ஆஸ்பத்திரில கடைசியா பாத்த மாதிரி இருக்கு. வேண்டாம், நிறுத்து." எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னதான் தப்பு என்று தேட ஆரம்பித்தேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் அதன் வேர் 130 வருஷம் பின்னால் போகிறது. கொஞ்சம் பெரிய கொசுவத்தியாகச் சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890-களின் தொடக்கத்தில் எடிசனின் கூடத்தில் வேலை பார்த்த டிக்ஸன், 35 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளில் ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று வைத்தார். அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. லூமியே சகோதரர்களின் படங்களும் ஏறக்குறைய அதே வடிவம்தான். 1896 ஜூலை 7-ஆம் தேதி நம்ம பம்பாயில், வாட்ஸன் ஹோட்டலில், இந்தியாவின் முதல் சினிமாக் காட்சி நடந்தபோது திரையில் விழுந்ததும் அந்தச் சட்டம்தான். பின்னால் வந்த தொலைக்காட்சி அதையே எடுத்துக்கொண்டது. 1972 அக்டோபர் 2-ஆம் தேதி பம்பாயில் டிவி வந்தபோதும் 4:3. அக்கா கல்யாணத்தை எடுத்த கேமராவும் 4:3.

வீட்டு டிவி கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகவும், அமெரிக்க சினிமா அகலமாகத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கிரேத்தியன் 1920-களிலேயே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நசுக்கிப் படச்சுருளில் அடைக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். அதுதான் சினிமாஸ்கோப். 1953-இல் 'தி ரோப்' வந்தது. 1959-இல் குரு தத் பம்பாயில் எடுத்த 'காகஸ் கே பூல்' இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம், ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. தமிழில் 1973-இல் வந்த சிவாஜியின் 'ராஜராஜ சோழன்'.

சுருளில் இருக்கும் உருவம் நிஜ உருவம் இல்லை, நசுக்கிய உருவம். 'இதை விரித்துக் காட்டு' என்ற குறிப்பும் கூடவே போய்ச் சேரவேண்டும். ஆபரேட்டர் லென்ஸைப் போட மறந்தால் சிவாஜியும் ஒட்டடைக்குச்சிதான். சின்ன வயதில் டிவியில் சினிமாஸ்கோப் படம் போடும்போது, டைட்டில் ஓடும்வரை எல்லாரும் நெட்டையாக நிற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா?

இதே சங்கதி வீடியோவிலும் உண்டு. 1982-இல் டிஜிட்டல் வீடியோவுக்கு ஒரு சர்வதேசத் தரம் வகுத்தார்கள். அமெரிக்காவின் 525 வரி முறைக்கும், நம்முடைய 625 வரி முறைக்கும் பொதுவாக வரட்டும் என்று வினாடிக்கு 1.35 கோடி தடவை அளவெடுப்பது, வரிக்கு 720 புள்ளி என்று சமரசம் செய்தார்கள். நம் முறையில் படம் தெரிகிற வரிகள் 576. இப்போது 720-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25. ஆனால் 4:3 என்றால் 1.33 வரவேண்டும். அப்படியானால் ஒவ்வொரு புள்ளியும் சதுரம் இல்லை, கொஞ்சம் அகலம், உயரத்தைப் போல் சுமார் 1.067 மடங்கு.

வங்கி மொழியில் சொன்னால், தொகை எழுதியிருக்கிறது, எந்த நாட்டுப் பணம் என்பது வேறு கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டம் விட்டுப்போனால் கணக்கு கோவிந்தா! வீடியோ கோப்பில் அந்தக் குறிப்பு இருந்தது. அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் உருவி ஜேபெக்காகச் சேமித்தேனே, அதில் இல்லை. மென்பொருள் எல்லாப் புள்ளியையும் சதுரமாக எடுத்துக்கொண்டது. அப்பா 6 சதவீதம் ஒல்லியாகிவிட்டார்.

சரி, முதல் தடவை குண்டானது எப்படி? அது 16:9 செய்த வேலை. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், பழைய டிவியின் 1.33-க்கும் சினிமாஸ்கோப்பின் 2.35-க்கும் நடுவே ஒரு சட்டம் தேடினார். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 1.77 வரும். பி.காமில் படித்த அதே பெருக்கல் சராசரி! இன்றைய டிவி, செல்போன் வீடியோ எல்லாம் இந்த 16:9 சட்டம்தான். 4:3 படத்தை அதில் முழுசாக இழுத்து நிரப்பினால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். வீட்டுக்குத் தட்டை டிவி வாங்கியபோது இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுப் படம் வந்தது. அப்பா ரிமோட்டை எடுத்து முழுத்திரையாக மாற்றிவிட்டுச் சொன்னார்: "காசு குடுத்த எடத்த எதுக்குல சும்மா விடணும்?" அன்று அவர் எல்லாரையும் குண்டாக்கினார், இன்று நான் அவரை.

மூன்றாவது சிக்கல் உறைய வைப்பதில். நம்ம சினிமாக்களில் குடும்பமே சிரிக்கும்போது அப்படியே உறைந்து 'வணக்கம்' போடுவார்கள். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, அதே 1959-இல் வந்த 'நானூறு அடிகள்' படத்தை, ஒரு சிறுவனின் முகத்தை உறையவைத்துத்தான் முடித்தார். படச்சுருளில் இது சுலபம். ஒவ்வொரு கட்டமும் முழுப்படம், அதையே திரும்பத் திரும்ப அச்சடித்தால் போதும். பழைய வீடியோவில் அப்படி இல்லை. கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாமலிருக்க 1930-களில் கண்டுபிடித்த வழி, ஒற்றைப்படை வரிகளை முதலில், இரட்டைப்படை வரிகளை அடுத்து என்று பின்னிக் காட்டுவது. இரண்டுக்கும் நடுவே 1/50 வினாடி. அப்பா திரும்பும்போது நிறுத்தினால் இரண்டு கண அப்பாக்கள் ஒரே படத்தில். முக ஓரமெல்லாம் சீப்புப் பல்.

நோய் தெரிந்தபின் வைத்தியம் சுலபம். உங்கள் வீட்டிலும் கேசட் இருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஒன்று, படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு, கிளிப்பின் புள்ளி விகிதத்தை பால் 4:3 என்று குறியுங்கள். நிறுத்திய படத்தைத் தனியாக எடுத்தால் 720-ஐ 768 ஆக்கிவிட்டுச் சேருங்கள். சில மென்பொருள்களில் விகிதம் 1.067-க்குப் பதில் 1.09 என்றிருக்கும். 720 புள்ளியில் நடுவிலுள்ள 702-ஐ மட்டும் படமாகக் கணக்கிடும் முறை அது. அங்கே 768-க்குப் பதில் 788. இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

மூன்று, உறைய வைக்கும் இடத்தில் 'டீஇன்டர்லேஸ்' செய்யுங்கள். ஒரு பாதி வரிகளை விட்டு மற்றதை வைத்து நிரப்பும். துல்லியம் கொஞ்சம் போகும், முகம் ஒன்றாகும்.

நான்கு, சரிபார்க்க நேருக்கு நேர் தெரிகிற ஒரு வட்டத்தைத் தேடுங்கள். தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு பெரிய வட்டம் காட்டுவார்களே, அது இதற்கும்தான் பயன்பட்டது. எனக்குக் கல்யாண மண்டபச் சுவர்க் கடிகாரம் கிடைத்தது. ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தேன். அகலமும் உயரமும் ஒன்றாக வந்தபோது மணி ராத்திரி இரண்டு.

காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். வரத் தயங்கினார். சிரிப்பில் படம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிட்டே வந்து, "இவுகதான்" என்றார்.

ஒன்று யோசித்தேன். கடிகாரம் எனக்கு விகிதத்தைச் சொன்னது, ஆனால் தப்பு இருக்கிறது என்று சொன்னது அம்மா. என் பையன்கள் அந்த வயது அப்பாவைப் பார்த்ததில்லை. அம்மா இல்லாத வீட்டில் அந்தக் குண்டு முகமே தாத்தா முகமாகி, சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். எனக்கே வித்தியாசம் தெரியவில்லையே!

விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பரணில் கேசட் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அந்த முகங்களை நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.