குமுதினிக்கு என்ன நிறம் அடிக்கிறது?

ஒரு பிளாஸ்ரிக் டாங்கியை ஒட்டி முடித்துப் பச்சை பெயின்ற் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைப்போம். மொடல் செய்கிறவர்களுக்கு அங்கேதான் வேலையே தொடங்குகிறது. புத்தம் புதுசாகப் பளபளத்தால் அது விளையாட்டுச் சாமான். மண்ணும் துருவும் கீறலும் விழுந்தால்தான் அது எங்கேயோ ஓடி வந்த வாகனம். அதற்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? கரும்பழுப்பு மையைத் தண்ணியாகக் கரைத்து ஊற்றுவார்கள், அது இடுக்குகளில் போய்த் தங்கி நிழல் மாதிரி நிற்கும். தூரிகையைத் துடைத்துக் காய்ந்த நிலையில் விளிம்புகளில் மட்டும் உரசுவார்கள். துரு நிறத்தை முதலில் அடித்து, அதற்கு மேலே தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரேயை விசிறி, அதற்கும் மேலே பச்சை அடிப்பார்கள். பிறகு தண்ணி தொட்டுப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் பச்சை செதில் செதிலாக உரிந்து அடியிலிருந்து துரு தெரியும். இருபது வருஷம் வெளியில் கிடந்த இரும்பு ஒரு பின்னேரத்தில் உருவாகிவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நாங்கள் நினைக்கவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு போர்க்களத்தைச் சின்னதாக்கி மேசையில் வைக்கும்போது, எந்த நேரத்தை வைப்பது, யாரை வைப்பது, யாரை எடுத்துவிடுவது?

இந்தக் கேள்வியில் மாட்டுப்பட்டவர்களில் பேர்போன ஆள் வில்லியம் சைபோர்ன். பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1815 வாட்டர்லூ சண்டையில் அவர் நிற்கவில்லை. 1830இல் அந்தச் சண்டைக்கு ஒரு பெரிய மொடல் செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மனுஷன் போய் எட்டு மாதம் அந்தக் களத்திலேயே இருந்து நிலத்தை அளந்தார். பிறகு சண்டையில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: அன்றைக்கு மாலை ஏழு மணியளவில் உங்கட படை எங்கே நின்றது, உங்களுக்கு முன்னால் எதிரி எப்படி நின்றான், அந்த வயலில் என்ன பயிர் நின்றது? நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. தோற்ற பக்கத்தையும் கூட நின்ற பக்கத்தையும் கேட்டு எழுதியதால், வாய்மொழி வரலாறு என்று நாங்கள் இன்றைக்குப் படிக்கிற வேலையை அந்த ஆள் ஒரு பொம்மைக் களத்துக்காகச் செய்தார் என்றே சொல்லலாம்.

சிக்கல் அங்கேதான் வந்தது. கிடைத்த சாட்சியங்களின்படி அந்த நேரத்தில் பிரஷ்ய படை ஏற்கெனவே களத்துக்குள் பலமாக வந்துவிட்டது. அப்படி வைத்தால் வெற்றி வெலிங்டனுக்கு மட்டும் சொந்தமில்லை என்றாகிவிடும். அரசாங்கம் இடையில் காசை நிறுத்தியது, சைபோர்ன் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தபோது சனம் திரண்டு வந்து பார்த்தது. ஆனால் கடைசியில் நெருக்குதல் தாங்காமல், ஏறத்தாழ 40,000 பிரஷ்ய சிப்பாய்களுக்குரிய பொம்மைகளை அவரே எடுத்துவிட்டார். அந்த மொடல் இன்றைக்கும் இலண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொம்மை அரை விரல் உயரம்கூட இல்லை, அதை எங்கே வைப்பது என்பதற்கு இவ்வளவு சண்டை.

இனி எங்கட பக்கம் வருவோம். இராணுவ மொடல்களில் உலகம் முழுக்கப் பரவின அளவு 1/35. அது ஏன் முப்பத்தைந்து? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் ஜேர்மன் பாந்தர் டாங்கியை மோட்டரோடு ஓடுகிற மாதிரி வெளியிட்டது. உள்ளே பற்றரி அடங்கவேண்டும். அடங்குகிற அளவுக்கு வைத்துப் பார்த்தபோது 1/35 வந்தது. அவ்வளவுதான் கதை. இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுத்திச் சுத்தித்தான் எங்கட அம்மா அப்பாக்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். உலகத்துப் பெடியள் பற்றரி போட்டு டாங்கி ஓட்டின காலத்தில் இங்கே பனங்காய்ச் சில்லு வண்டிலும் பனைமட்டைத் துவக்கும்தான். அவற்றுக்குத் துரு அடிக்கத் தேவையிருக்கவில்லை, துருப்பிடித்த அசல் சாமான் வளவுக்குள்ளேயே கிடந்தது.

தீவுப்பகுதிக்கு ஒரு டயோராமா செய்ய வெளிக்கிட்டால் வெளிநாட்டுக் கையேடுகள் பாதிவழியிலேயே கைவிட்டுவிடும். அவை சொல்லுகிற புழுதி ஐரோப்பியப் புழுதி. வலிகாமத்தில் செம்மண். பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவு, வேலணை என்று போகப்போக மண் வெளுத்துச் சுண்ணாம்பும் சிப்பியும் கலந்த மணலாகும். படைகள் பிடித்துவைத்திருந்த ஊர்காவற்துறையில் ஓடின ஒரு கவசவாகனத்தின் சில்லுக்குச் செம்பழுப்புத் தூள் போட்டால் அது பிழையான தீவு. துருவும் அப்படித்தான். உப்புக்காற்று பெயின்ற் உரிந்த இடத்தையும் ஒட்டு வைத்த மூட்டையும் ஆணித்தலையையும்தான் முதலில் பிடிக்கும், நடுத்தகட்டை அல்ல. மே தொடக்கம் சோளகம் அடிக்கிற பக்கத்தைப் பார்த்தால் விளங்கும். நெடுந்தீவில் கோட்டைச் சுவரும் வளவு வேலியும் முருகைக்கல். வெட்டின புதிதில் வெள்ளை, பிறகு சாம்பல், மழையும் பாசியும் சேர்ந்து கறுப்பு. ஒரே சுவரில் இந்த மூன்றையும் காணலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டுவதை ஒரு மொடல்காரன் தாண்டமுடியாது, நிறம் கலக்கவேண்டும்.

ஆனால் இந்தக் கலையில் எங்களுக்கு ஒட்டாத ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான டயோராமாக்களில் ஜேர்மன் டாங்கிதான் கதாநாயகன், சிப்பாய்தான் மனிதன். உடைந்த வீடு பின்னணிக்கு வரும், அந்த வீட்டுக்காரர் வரமாட்டார். ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டும்போது 1991 சண்டையின் கவச புல்டோசரை மேடையில் ஏற்றி நினைவுச்சின்னமாக வைத்திருப்பதைப் பஸ்ஸுக்குள் இருந்தே பார்க்கலாம். அது ஒரு தரப்பின் டயோராமா, ஒன்றுக்கு ஒன்று அளவில். அதே வீதியால் மூட்டைமுடிச்சோடு நடந்து போன சனத்துக்கு அந்தக் காட்சியில் இடமில்லை.

அதனால்தான் எங்கட கூட்டத்தில் நெடுந்தீவுத் தோழி ஒருத்தி, டாங்கி வேண்டாம், குமுதினியைச் செய்வோம் என்றாள்.

குமுதினி, நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையில் ஓடின பயணிகள் படகு. 1985 மே 15 காலையில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அதை நடுக்கடலில் மறித்து ஏறினவர்கள் பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குறைந்தது 23 பேர். பெண்கள், சின்னப்பிள்ளைகளும் அதில். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பினவர்கள் சொன்னார்கள். சர்வதேச மன்னிப்புச்சபை சாட்சியங்களைப் பதிவுசெய்தது. நெடுந்தீவில் ஒவ்வொரு வருஷமும் அந்தநாளில் விளக்கேற்றுகிறார்கள்.

படகு திரும்பவும் ஓடியது. இதுதான் எங்களை நிறுத்தி யோசிக்கவைத்த இடம். கழுவி, திருத்தி, பெயின்ற் அடித்து, அதே பேரோடு பிறகும் பல வருஷம் சனத்தை ஏற்றிக்கொண்டு அதே கடலில் போய்வந்தது. தீவாருக்கு வேறு வழி? ஆஸ்பத்திரிக்கும் சோதனைக்கும் சந்தைக்கும் அதில்தான் போகவேண்டும்.

அப்படியென்றால் மொடலில் எந்தக் குமுதினி? மே 14ஆம் திகதி இறங்குதுறையில் கட்டிநின்றதா, 15ஆம் திகதியதா, திருத்தி ஓடவிட்டதா? 15ஆம் திகதியை அப்படியே செய்தால் சிவப்பு பெயின்றை நம்பி நிற்கிற காட்சியாகிவிடும், செத்தவர்களைப் பொம்மையாக்க எங்களுக்கு மனமில்லை. 14ஐச் செய்தால், தெரியாதவர்களுக்கு அது வெறும் படகு.

ஸ்பிரே முறையைத் தலைகீழாகச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அடியில் ஒரு நிறம், மேலே ஒன்று, அதற்கு மேலே பிந்தின வருஷங்களின் நிறம். எதையும் தேய்த்து உரிக்காமல், மேல்நிறத்தில் கட்டுக்கயிறு உரஞ்சுகிற விளிம்பிலும் சனம் கால்வைத்து ஏறுகிற இடத்திலும் மட்டும் தேயவிடுவது. உள்ளே சின்னச் சின்னதாகச் சாமான் பைகள், ஒரு சைக்கிள், ஒரு பால்போத்தல். ஆட்கள் வேண்டாம் என்று பாதிப்பேர், ஆட்கள் கட்டாயம் வேண்டும் என்று மற்றப் பாதி. நெடுந்தீவுக்குப் போய், அந்தப் படகில் போய்வந்த பெரியாக்களிட்ட அது அப்ப என்ன நிறத்தில் இருந்தது என்று முதலில் கேட்கப்போகிறோம். சைபோர்ன் பயிரைப் பற்றிக் கேட்ட மாதிரி.