அப்பத்தாவின் காலில் தொங்கிய எடை

2016இல் அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு 81 வயது. இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. ஆபரேஷன் நாலாவது நாள்தான் என்றார்கள். அதுவரை காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு எடையைத் தொங்கவிட்டார்கள். "இதக் கழட்டச் சொல்லுய்யா, காலப் பிச்சு எடுக்குது" என்றார் அப்பத்தா. "வலி குறையத்தான் பாட்டி கட்டியிருக்கு" என்றார் நர்ஸ். நானும் அதையே அப்பத்தாவிடம் சொன்னேன். விசாரிக்காமல் சொன்னேன்.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். தேடல் லிவர்பூலுக்குக் கொண்டுபோய் விட்டது. ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வேல்ஸில் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். நம்மூர்க் கணக்கில் கட்டு வைத்தியர் மகன். மகனாவது முறையாகப் படிக்கட்டும் என்று அப்பா எடின்பரோவுக்கு அனுப்பினார். குள்ளமான மனிதர், சதா உதட்டில் சிகரெட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். அவர் செய்த தாமஸ் ஸ்பிளின்ட் ரொம்ப எளிமையான சாதனம். தொடையின் அடியில் மாட்டும் தோல் சுற்றிய இரும்பு வளையம், அதிலிருந்து இருபக்கமும் இறங்கிப் பாதத்துக்குக் கீழே சேரும் கம்பிகள், அவ்வளவுதான். முழங்கால் காசநோய்க்காகச் செய்தார். 1875இல் அதைப் பற்றி எழுதினார். லண்டன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

தொடை எலும்பின் நடுத்தண்டு உடைந்தால், உடம்பின் மிக வலுவான தசைகள் சுருண்டு இழுக்கின்றன. உடைந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சதையைக் குத்துகின்றன. தொடை குட்டையாகி உப்பி, உள்ளேயே ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் தேங்கலாம். காலை நீட்டி இழுத்துப் பிடித்தால் முனைகள் விலகும். வலியும் கசிவும் குறையும். அசையாமல் பிடித்திருப்பதுதான் முதல் வலிநிவாரணி.

இதை உலகத்துக்குக் கொண்டுபோனது போர். தாமஸின் வளர்ப்பில் தொழில் கற்ற மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் இந்த ஸ்பிளின்ட்டுக்காக வாதாடினார். தூக்குக்கட்டில் வீரர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள், இருட்டில், குண்டுமழையில் மாட்ட வேண்டுமே. பூட்ஸையும் காற்சட்டையையும் கழற்றாமல் மேலேயே மாட்டினார்கள். போரின் தொடக்கத்தில் தொடை எலும்பில் குண்டு பட்டவர்களில் 80 சதவீதம் பேர் இறந்ததாகவும், 1917 அராஸ் சண்டையில் 1009 பேரில் 15.6 சதவீதமே இறந்ததாகவும் அறுவை மருத்துவர் ஹென்றி கிரே எழுதினார். அந்த 80ஐ நான் முழுசாக நம்பவில்லை. முதல் வருடக் குழப்பத்தில் யார் உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள்? அராஸுக்குள் ரத்தம் ஏற்றுவதும் காயத்தைச் சீக்கிரம் வெட்டிச் சுத்தம் செய்வதும் வந்துவிட்டன. பெருமை எல்லாம் இரும்புக்கம்பிக்கே போய்விட்டது. இருந்தாலும், அது இல்லாமல் அந்தப் பையன்களில் பலர் முன்வரிசையிலிருந்து உயிரோடு வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்பத்தாவுக்கு உடைந்தது தண்டு இல்லை, இடுப்பை ஒட்டிய கழுத்து. தண்டுக்குச் சரியான இழுவை, கழுத்து முறிவுக்கும் வழக்கமாகிவிட்டது. இழுவை கட்டியவர்களையும் காலுக்குத் தலையணை மட்டும் வைத்தவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளை 2011இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. ஆபரேஷனுக்கு முன் இழுவை கட்டுவதால் வலி குறைவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் தொழிலில் இதற்குப் பெயர் லெகஸி கோட். எதற்கு எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எடுத்தால் ஏதாவது உடையுமோ என்ற பயத்தில் விட்டுவைப்போம்.

மாற்று வழி ஏற்கெனவே இருந்தது. 1989இல் பிரான்ஸில் பெர்னார்ட் டாலென்ஸ் குழுவினர், குழந்தைகளுக்கு இடுப்பு மடிப்புக்கு அருகே ஒரு சவ்வுக்கு அடியில் மரப்பு மருந்து செலுத்தித் தொடை நரம்பை மரக்கச் செய்யும் முறையை விவரித்தார்கள். அதைப் பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். மார்ஃபின் அதிகமானால் வயதானவர்கள் குழம்பிப் போவார்கள், மூச்சும் மந்தமாகும். இந்த ஊசியால் மார்ஃபின் அளவைக் குறைக்கலாம். மருந்துகள் போதாதபோது நரம்பு மரப்பையும் யோசியுங்கள் என்று இங்கிலாந்தின் வழிகாட்டி நெறி அதே 2011இலேயே சொல்லிவிட்டது. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் இரவு அப்பத்தா முனகாமல் தூங்கினார். விடிந்து பார்த்தால் எடை ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது, கயிறு தொய்ந்து கிடந்தது. நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்த வார்டு ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள எறக்கி விட்டுருங்க தம்பி."