மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை

மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை என்பது அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களின் அன்றாடத் திறன்களை மதிப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் வகுக்கப் பயன்படும் இந்தியக் கருவியாகும். சென்னையிலுள்ள விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தின் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் இதனை உருவாக்கினர். வளர்ந்த மாணவர்களின் முன்னேற்றத்தை அளக்கும் வரலாற்றில் இது ஒரு திருப்பமாகும்.

பின்னணி

1905 இல் பிரான்சில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். 1930களில் வி. வி. காமத் அதனை மராத்தி, கன்னடம் பேசும் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைத்தார். இத்தகைய சோதனைகளின் முடிவு ஓர் எண்ணாகவே அமைந்தது. 16 வயது மாணவர் ஒருவரின் மன வயது 5 என்று அது கூறலாம். ஆனால் அவருக்குத் தனியே பேருந்தில் செல்லத் தெரியுமா, கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியுமா என்பதை அது கூறாது. ஓராண்டு உழைத்துச் சட்டைப் பொத்தான் போடக் கற்றிருந்தாலும் அந்த எண் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கற்றவரின் உழைப்பும் கற்பித்தவரின் உழைப்பும் பதிவாகாமல் போயின.

அமைப்பு

இக்கருவியில் 18 பிரிவுகள் உள்ளன. பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 உருப்படிகள் உண்டு. உடலியக்கம், உணவு உண்ணுதல், உடுத்துதல், மொழி, வாசிப்பு, எண், நேரம், பணம், வீட்டு வேலை, தொழில் முதலியவை இப்பிரிவுகளுள் அடங்கும். உருப்படிகள் எளிதிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் மாணவர் செய்யும் செயலாக, நேர்மறையாக எழுதப்பட்டுள்ளது. செய்தால் 'ஏ' என்றும், செய்யாவிட்டால் 'பி' என்றும் ஆசிரியர் குறிக்கிறார். முதல் 'பி' விழும் இடமே அடுத்த பாடத்துக்கான தொடக்கம். குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் குறிக்கும்போது, மாணவர் பிறரோடு அன்றித் தம் பழைய நிலையோடு ஒப்பிடப்படுகிறார்.

வயதும் மதிப்பீடும்

வரிசையை அப்படியே பின்பற்றினால் பதின்வயதினரும் மழலையர் பாடத்திலேயே தங்கிவிடக்கூடும். 1984 இல் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் பின்னர் உருவாக்கிய செயல்பாட்டு மதிப்பீட்டுப் பட்டியல் வயதையும் கணக்கில் கொண்டது. அதில் 15 முதல் 18 வயதினருக்கு முன்தொழில் நிலை உண்டு. 80 விழுக்காடு உருப்படிகளை அடைந்தவர் அடுத்த நிலைக்குச் செல்வார். அடையாதவரும் சிறுவர்களோடு விடப்படாமல், தம் வயதினருக்குரிய குழுவில் சேர்க்கப்படுவார்.

மொழியும் இடமும்

மதிப்பீடு மாணவரின் மொழியையும் ஊரையும் சார்ந்தது. ஆந்திர எல்லையருகே உள்ள மலைக்கோயில் நகரமான திருத்தணி, 1960 ஏப்ரல் 1 இல் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இங்கே தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவரிடம் தமிழில் மட்டும் பணத்தின் பெயரைக் கேட்டால், அவர் அறிந்ததும் 'பி' ஆகிவிடும். அரக்கோணம் செல்லும் பேருந்தை அடையாளம் காண்பது, ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் வழி தவறினால் உதவி கேட்பது போன்றவை இவ்வூரில் வளரும் ஒருவருக்குத் தேவையான திறன்கள். பொதுப் பட்டியலின் உருப்படிகளை இவ்வாறு உள்ளூர்ச் சூழலில் வைத்துப் பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பாகும்.

சட்ட நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 16ஆம் பிரிவில் ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் கற்றல் அடைவையும் கண்காணிக்கக் கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. அச்சட்டப்படி இலவசக் கல்வி உரிமை 18 வயது வரை உள்ளது. பதின்வயதில் முறையாக எழுதப்பட்ட மதிப்பீடு, அதன்பின் எந்தத் தொழிற்பயிற்சி பொருந்தும், எந்த அளவு உதவி தேவை என்பதைக் குடும்பத்துக்குக் காட்டும். அது இல்லாதபோது, பள்ளியை விட்டு வெளியேறும் மாணவரிடம் குறைபாட்டின் விழுக்காட்டைக் கூறும் சான்றிதழ் மட்டுமே எஞ்சுகிறது.