ஓமத்திலிருந்து தைமால் வரை: ஒரு கிருமிநாசினியின் வரலாறு

முன்னுரை

முறுக்கிலும் ஓமப்பொடியிலும் மணம் கூட்டும் ஓமம், வயிறு மந்தமானால் கஷாயமாகவும் ஆகிறது. ஓமம் கிருமியைக் கொல்லும் என்பதும் பரவலான நம்பிக்கை. அதிலுள்ள எந்தப் பொருள் கொல்கிறது, எந்த அளவில் கொல்கிறது என்ற இரு கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் அந்த நம்பிக்கை அறிவாகும். இக்கேள்விகளுக்கு விடை தேடிய முந்நூறு ஆண்டு முயற்சியை இக்கட்டுரை பின்தொடர்கிறது. ஓமத்தின் ஆற்றல் மெய்யானது, ஆனால் அது அளவுக்குக் கட்டுப்பட்டது என்பதே இதன் வாதம்.

இரு செடிகள், ஒரே படிகம்

கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. மத்தியதரைக் கடலோரச் சமையலில் புழங்கும் தைம் இலையின் எண்ணெயில் கற்பூரம் போன்ற படிகங்கள் உறைவதை, பெர்லின் அரண்மனை மருந்தாளரான காஸ்பர் நியூமன் 18ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் கண்டார். 1853இல் பிரெஞ்சு வேதியியலாளர் லாலமான் அதை ஆராய்ந்து, தைமால் என்று பெயரிட்டார்.

அதே காலத்தில் தக்காணத்துக் கடைத்தெருக்களில் ‘அஜ்வைன் கா பூல்’, அதாவது ஓமப்பூ என்ற பெயரில் வெண்படிகம் ஒன்று விற்பனையானது. ஓமத்தை வாலையில் வடித்த எண்ணெயிலிருந்து அது பிரிந்து வந்தது. 1850களின் நடுவில் ஸ்டென்ஹவுஸ் உள்ளிட்ட வேதியியலாளர்கள் இதுவும் தைமாலே என்று நிறுவினர். தைம் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓமம் சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது. உறவில்லாத இரு செடிகள் ஒரே மூலக்கூறை உருவாக்குவது அப்போது தெளிவாயிற்று. ஐரோப்பிய ஆய்வுக்கூடம் பெயரிட்ட பொருளை இந்தியக் கைவினைஞர்கள் முன்பே பிரித்தெடுத்து விற்றுவந்தார்கள் என்பதை இவ்வரலாற்றில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அறுவை அரங்கிலும் ஆய்வுக்கூடத்திலும்

1867இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்கள் சீழ்பிடிக்காமல் தடுக்கலாம் என்பதை வெளியிட்டார். அந்த அமிலம் தோலை அரித்தது. மாற்றுத் தேடிய மருத்துவர்கள் தைமாலை எடுத்துக்கொண்டனர். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபோல்க்மனின் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் 1870களின் பிற்பகுதியில் அது பயன்பட்டது. ஆனால் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1 கிராம் மட்டுமே கரையும் என்பது அதன் பெருங்குறை. 1879இல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் உருவாக்கிய ‘லிஸ்டரின்’ (Listerine) என்ற திரவத்திலும் தைமால் சேர்ந்தது. இன்று வாய் கொப்பளிக்கும் நீராக விற்கும் அத்திரவத்தில் அதன் அளவு 0.064 விழுக்காடு.

1887இல் பாரிஸில் ஷாம்பர்லாண் பல நறுமண எண்ணெய்களை ஆந்திராக்ஸ் கிருமியின்மீது சோதித்து ஒப்பிட்டார். 1903இல் ரிடியலும் வாக்கரும் கிருமிநாசினிகளைப் பீனாலோடு, அதாவது கார்பாலிக் அமிலத்தோடு, ஒப்பிட்டு அளக்கும் முறையை வகுத்தனர். அந்த அளவையில் தைமாலின் வலிமை பீனாலைப்போல் சுமார் 20 மடங்கு என்று மதிப்பிடப்பட்டது. ‘கிருமியைக் கொல்லும்’ என்ற கூற்றுக்கு எண் கிடைத்தது இப்படித்தான்.

கொக்கிப்புழுவும் உலகப் போரும்

தைமாலுக்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது பாக்டீரியா அன்று, கொக்கிப்புழு. ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோட்ஹார்டு சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் கொக்கிப்புழுவால் கடும் சோகையில் வாடினர். 1880 வாக்கில் இத்தாலிய மருத்துவர் போட்சோலோ கொக்கிப்புழுவை வெளியேற்றத் தைமாலைப் பரிந்துரைத்தார். 1909 முதல் 1914 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆணையம் ஏறத்தாழ 7 லட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்தபோதும் தைமாலே முதன்மை மருந்து. பெரியவர்களுக்கு 4 கிராம் வரை கொடுத்தார்கள். உடலுக்குள் மிகுதியாக உறிஞ்சப்பட்டால் நஞ்சாகும் என்பதால் மருந்துண்ணும் நாளில் எண்ணெயும் மதுவும் கூடாது என்று எச்சரித்தார்கள்.

இதற்கான மூலப்பொருள் இந்திய ஓமம். விதை ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டு, உலகெங்கும் விலைபோனது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. விளைவித்த நாட்டிலேயே விதையை வடித்தெடுக்கும் முயற்சிகள் அதன்பிறகே சூடுபிடித்தன. பின்னாளில் மெட்டா-கிரெசாலிலிருந்து செயற்கைத் தைமால் தயாரானதும் ஓமத்தின் தொழில்முறைத் தேவை சுருங்கியது.

செயல்படும் விதம்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வருகைக்குப் பின் மங்கிய ஆர்வம், உணவுப் பாதுகாப்பை ஒட்டி 1990களில் மீண்டது. கொழுப்போடு ஒட்டும் இயல்புடைய தைமால், பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன, ஆற்றல் உற்பத்தி தடைப்படுகிறது. ஓமவல்லியிலும் காணப்படும் கார்வக்ரால் இதன் உடன்பிறப்பு மூலக்கூறு. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி இல்லாமல் கிருமியெதிர்ப்பு நிகழ்வதில்லை என்பதை 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். கூடுதல் வெளிச்சவ்வு கொண்ட சூடோமோனாஸ் போன்றவை இவ்விரு பொருள்களையும் நன்கு தாங்கி நிற்கின்றன.

முடிவுரை

ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 விழுக்காடு. அந்த எண்ணெயில் தைமால் பொதுவாக 35 முதல் 60 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 2 கிராம் ஓமத்தில் 15 முதல் 50 மில்லிகிராம் தைமாலே இருக்கும். கொக்கிப்புழுவுக்குக் கொடுத்த 4 கிராம் அளவு இதைவிடக் குறைந்தது 80 மடங்கு அதிகம். மேலும் உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் தைமாலைப் பிணைத்துக்கொள்கின்றன, உடலோ அதை விரைவில் சல்பேட்டாக மாற்றிவிடுகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி சாவதை வைத்து, கஷாயம் குடித்தால் தொற்று நீங்கும் என்று சொல்ல இயலாது.

எனவே ஓமநீர் வயிற்றுக்கு இதமளிக்கலாம், டைபாய்டு போன்ற தொற்றுக்கு மருந்தாகாது. மூலிகைகளைப் பற்றி எழுதுவோர் செயற்படும் பொருள், அதன் அளவு, சோதிக்கப்பட்ட கிருமி ஆகிய மூன்றையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். நம் மரபு மருந்துகளுக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை அவற்றை அளந்து பார்ப்பதே.