மானியமும் ஆராய்ச்சியும்: குன்னூர் முதல் பெர்ன்ஹில் வரை

முன்னுரை

ஆராய்ச்சி என்றவுடன் ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் விஞ்ஞானியும் நினைவுக்கு வருவது இயல்பு. இவை மூன்றுக்கும் பின்னால் நான்காவதாக ஒன்று எப்போதும் இருக்கிறது. அதுதான் கணக்குப் புத்தகம். யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனையுடன் கொடுத்தார்கள் என்ற விவரங்கள் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. ஆனால் பல ஆய்வுகளின் தலைவிதியை எழுதியது அந்தக் கணக்குப் புத்தகம்தான்.

இதற்கு நீலகிரி மலையிலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒன்று குன்னூர், மற்றொன்று உதகையை ஒட்டிய பெர்ன்ஹில். இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் கூட இல்லை. முன்னதில் பணம் பாதியில் நின்றது. பின்னதில் நிற்கவில்லை. அதனால் விளைந்த வேறுபாடு இன்றைய கல்லூரிகளுக்கும் பாடமாக இருக்கிறது.

மானியம் வேறு, ஒப்பந்தம் வேறு

ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது மானியம். "இந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறேன், இவ்வளவு செலவாகும்" என்று ஆய்வாளர் விண்ணப்பிக்கிறார். நிதி அமைப்பு அதை ஏற்றுப் பணம் கொடுக்கிறது. விடை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நேர்மையாகத் தேடினோம், பணத்தைச் சொன்ன வழியில் செலவு செய்தோம் என்று கணக்குக் காட்டினால் போதும்.

இரண்டாவது ஒப்பந்தம். இதில் கேள்வி பணம் கொடுப்பவருடையது. ஒரு மருந்து நிறுவனம் தன் மருந்தைச் சோதித்துத் தரும்படி ஒரு மருந்தியல் கல்லூரியைக் கேட்பது இந்த வகை. என்ன வேலை, எந்தத் தேதிக்குள், முடிவு யாருக்குச் சொந்தம், காப்புரிமை யாருக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்படும். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிக்காவிட்டால் அது ஒப்பந்த மீறல்.

இவை தவிர மூன்றாவது வழியும் உண்டு. தனித்தனித் திட்டங்களுக்கு அல்லாமல், ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் நடப்பதற்கே அரசோ அறக்கட்டளையோ பணம் கொடுப்பது. இதன் அருமை பெர்ன்ஹில் கதையில் தெரியும்.

அமெரிக்கர் கொடுத்த பணம்

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது 1907ல். இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் அமைந்தது. தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். எனவே தெற்கிலும் ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

அதற்கு உதவியது ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடை. இவர் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியின் கூட்டாளி. இந்தியாவின் நன்மைக்குப் பயன்படுத்தும்படி அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் 30,000 பவுண்டு கொடுத்தார். அதில் ஒரு பகுதி பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும், இன்னொரு பகுதி குன்னூருக்கும் போனது. நன்கொடையால் கட்டடம் எழும்பிவிடும். ஆனால் அதற்குள் நடக்கும் ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

இந்தத் தேவையை ஓரளவு தீர்க்க 1911ல் இந்திய அரசு 'இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம்' என்ற அமைப்பை உருவாக்கியது. 5 லட்ச ரூபாய் தொடக்க நிதியாக ஒதுக்கப்பட்டது. மருத்துவ ஆய்வுகளுக்கு மானியம் வழங்குவதே இதன் வேலை. இன்று ஐ.சி.எம்.ஆர். என்று அறியப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதன் வாரிசு. 1949ல் அந்தப் பெயர் மாற்றம் நடந்தது.

ஒரே அறை, ஒரே மருத்துவர்

1918ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறை இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவருக்கு ஒதுக்கப்பட்டது. வட அயர்லாந்துக்காரர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கில்கிட் மலைப்பகுதியில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தவர். குன்னூரில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பெரிபெரி நோய் பற்றிய விசாரணை.

தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்ணும் மக்களுக்குக் கால் மரத்துப்போய், உடல் வீங்கி, இதயம் பலவீனமாகி உயிர் போகும் நோய் அது. அரிசியின் மேல்தோலில் இருக்கும் ஒரு சத்து (இன்று வைட்டமின் பி1 என்கிறோம்) தீட்டும்போது போய்விடுவதுதான் காரணம். தென்னிந்திய ஏழையின் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கேள்விக்கு அரசுப் பணத்தில் அறிவியல் முறைப்படி விடை தேடும் முயற்சி அந்த ஒற்றை அறையில் தொடங்கியது. மெக்காரிசன் 1921ல் குறைபாட்டு நோய்கள் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

1923: கத்தரி விழுந்தது

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்திய அரசின் கஜானாவில் பற்றாக்குறை. செலவைக் குறைக்க வழி சொல்ல இஞ்ச்கேப் பிரபு தலைமையில் சிக்கனக் குழு அமைக்கப்பட்டது. 1923ல் அதன் அறிக்கை வந்தது. துறை துறையாகச் செலவு வெட்டப்பட்டபோது மருத்துவ ஆராய்ச்சிப் பணமும் தப்பவில்லை. குன்னூர் விசாரணை மூடப்பட்டது.

ஒரு பாலம் கட்டும் வேலையை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தால் தூண்களாவது நிற்கும். உணவு ஆராய்ச்சியில் அப்படி அல்ல. சோதனை விலங்குகளுக்குத் தினமும் தீனி வைக்க வேண்டும். ஒரே உணவைப் பல மாதங்கள், சில சமயம் பல தலைமுறைகள் கொடுத்துப் பார்த்தால்தான் விளைவு தெரியும். பழகிய உதவியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர்களின் கைப்பழக்கமும் கூடவே போய்விடும். மிச்சப்பட்ட தொகை அரசின் கணக்கில் ஒரு சிறு வரி. இழந்த காலத்துக்கோ எந்தக் கணக்கிலும் வரி இல்லை.

மீண்டும் திறந்த கதவு

1925ல் விசாரணை மீண்டும் தொடங்கியது. இப்போது அதன் பெயர் 'குறைபாட்டு நோய் விசாரணை'. அடுத்து வந்தவை வேகமாக வந்தன. 1926ல் மெக்காரிசனும் கோவையைச் சேர்ந்த வேளாண் வேதியியலர் பி. விஸ்வநாத்தும் சேர்ந்து, நிலத்துக்கு இடும் உரம் தானியத்தின் சத்தை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வை வெளியிட்டனர். மருத்துவப் பணமும் வேளாண் அறிவும் ஒன்று சேர்ந்த அரிய நிகழ்ச்சி இது.

இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளும் குன்னூரில் நடந்தன. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடத்தில் நின்றது. அரிசியையே நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி வரிசையில் நின்றது.

அந்தச் சமயத்தில் லின்லித்கோ பிரபு தலைமையிலான வேளாண்மைக்கான அரச ஆணையம் நாடு முழுவதும் சாட்சியம் கேட்டு வந்தது. ஊட்டக்குறைவு பற்றி மெக்காரிசன் அதன் முன் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையத்தின் பரிந்துரையால் 1929ல் பிறந்ததே இன்றைய ஐ.சி.ஏ.ஆர்.

1928ல் குன்னூர் விசாரணை 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள்' என்ற முழு நிறுவனமாக உயர்ந்தது. 1935ல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் காலத்தில், 1937ல், இந்திய உணவுப் பொருட்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்ட சிறு வெளியீடு வந்தது. மருத்துவமனையிலும் விடுதிச் சமையலறையிலும் மனையியல் வகுப்பிலும் பிறகு பயன்பட்ட பட்டியல்களுக்கெல்லாம் அது முன்னோடி. 1958ல் நிறுவனம் ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடத்துக்குச் சென்றது. 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1923ல் மூடிய கதவு 1925ல் திறக்காமலே போயிருந்தால் இந்த வரிசை என்ன ஆகியிருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பெர்ன்ஹில்: இருபது ஆண்டுக் காத்திருப்பு

இப்போது உதகை பக்கம் வருவோம். பெர்ன்ஹில் என்றால் பலருக்கு மைசூர் மகாராஜாவின் அரண்மனைதான் தெரியும். அங்கே 1954ல் தொடங்கப்பட்ட மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்றும் உண்டு. சரிவான நிலத்தில் உருளைக்கிழங்கு போடும் மலையில், மழைக்குப் பின் ஓடை செந்நிறமாக ஓடினால் வயல் கீழே இறங்கிப் போகிறது என்று பொருள். அதைத் தடுக்கும் வழி காண்பது மையத்தின் பணி. 1967ல் இது ஐ.சி.ஏ.ஆர். வசம் வந்தது. குன்னூர் விஞ்ஞானி சாட்சியம் சொன்ன ஆணையத்தின் பிள்ளையே பெர்ன்ஹில்லுக்குச் சம்பளம் கொடுத்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பம்.

இந்த மையம் கிளன்மார்கன் பகுதியில் செய்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. கேள்வி எளியது: புல்வெளியில் நீலகிரித் தைலமரத்தை நட்டால் ஓடைத் தண்ணீர் குறையுமா? மலை ஓடைகளை நம்பி நீர்மின் அணைகள் இருப்பதால் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

ஏறத்தாழ 32 ஹெக்டேர் அளவுள்ள இரண்டு அருகருகான நீர்ப்பிடிப்புப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1968 முதல் 1971 வரை எதுவும் நடாமல் இரண்டிலும் ஓடும் நீரை மட்டும் அளந்தார்கள். 1972ல் ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் தைலமரம் நடப்பட்டது. மற்றது அப்படியே விடப்பட்டது. பிறகு அளவெடுப்பு தொடர்ந்தது. முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, அடிமரத்தில் துளிர்த்தவை வளர்ந்த இரண்டாவது பத்தாண்டில் 25.4 சதவீதம் குறைந்தது.

இதை மூன்றாண்டு மானியத்தில் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மரம் நடுவதற்கு முன்பே பணம் தீர்ந்திருக்கும். "எந்த முடிவும் இல்லை" என்ற அறிக்கையோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். நிறுவனம் நடப்பதற்கே பணம் வந்ததால்தான் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க முடிந்தது. அருகில் முத்தோரையில் 1970ல் கட்டி முடிக்கப்பட்ட 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அணுசக்தித் துறை தொடர்ந்து அளித்த பணத்தால் எழுந்ததே.

இன்றைய கல்லூரிகளில்

கல்லூரிகளுக்கு இந்த வசதி இல்லை. 1953ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக மானியக் குழு, 1971ல் வந்த அறிவியல் தொழில்நுட்பத் துறை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என அமைப்புகள் பல. ஆனால் கல்லூரி ஆசிரியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டப் பணமே.

அது வரும் பாதையும் நீளமானது. ஒப்புதல் ஆணை வர வேண்டும். முதல் தவணை வர வேண்டும். மார்ச் 31ல் கணக்கு முடித்து, தணிக்கையான செலவு அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் முதல்வர் கையெழுத்துடன் போக வேண்டும். அதன் பிறகே அடுத்த தவணை. சான்றிதழில் ஒரு தலைப்பின் தொகை இன்னொரு தலைப்பில் ஏறிவிட்டால் கோப்பு திரும்பி வரும். அதற்குள் உதவித்தொகையை நம்பிய ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் காத்திருப்பார், அல்லது வேறு வேலை தேடிப் போவார். குன்னூரில் 1923ல் ஒரே நாளில் நடந்தது இங்கே சிறிது சிறிதாக நடக்கிறது.

கணக்குக் கேட்பது தவறல்ல. அது மக்கள் பணம். ஆனால் கணக்கைச் சரியாக, நேரத்தில் எழுதத் தெரிந்த ஓர் அலுவலர் கல்லூரியில் இருப்பது, இன்னொரு கருவி வாங்குவதை விடப் பயன் தரும். பல கல்லூரிகளில் அந்த வேலையும் ஆய்வு செய்யும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது.

முடிவுரை

குன்னூரில் தொடங்கும்போது பெரிய தொகை இல்லை, ஓர் அறைதான் இருந்தது. பெர்ன்ஹில் மையம் செய்ததும் பெரும்பாலும் ஓடைத் தண்ணீரை அளந்ததுதான். இரண்டும் நாட்டுக்குப் பயன்பட்டன. பணத்தின் அளவை விட அதன் தொடர்ச்சியே ஆராய்ச்சியைக் காப்பாற்றுகிறது என்பதே இவை காட்டும் உண்மை. விதை நெல்லைக் கொடுத்துவிட்டு, பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடையை அடைத்தால் விளைச்சல் இல்லாததற்கு உழவனைக் குறை சொல்ல முடியாது. மானியம் கொடுப்பவர்களும் அதை நிர்வகிப்பவர்களும் இதை மனதில் கொள்வது நல்லது.