ஒரே எண், ரெண்டு உடம்பு: பிஎம்ஐ பிறந்த கதை

1/ கடப்பாக்கத்துல ஒரு மருத்துவ முகாம். ஒல்லியான மீனவ அண்ணன் ஒருத்தர் சுகர் டெஸ்டுக்கு வரமாட்டேன்னுட்டார். "பிஎம்ஐ 22, நார்மல்னு சீட்டுலயே போட்டிருக்கே சார்." அவருக்காக இந்த த்ரெட்.

2/ எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டர் இல்லைங்க. 1832ல, பெல்ஜியத்தின் கெட்லே. வானியலும் கணிதமும் படிச்சவர். அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அல்ல.

3/ 1972ல அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் அதுக்கு பாடி மாஸ் இண்டெக்ஸ்னு பேர் வெச்சார். அவர் ஆராய்ந்தது ஐந்து நாட்டு ஆண்களை. பெண்கள் கிடையாது.

4/ 2004, லான்செட் இதழ். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் போட்டோ. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%! எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒண்ணுதான்.

5/ அதனாலதான் நமக்கு 23லேயே எச்சரிக்கை. கூடவே வயிற்றுச் சுற்றளவும் பார்க்கணும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

6/ அப்போ பிஎம்ஐ வேஸ்டா? இல்லை. செலவில்லாத முதல் சல்லடை அது. கடைசித் தீர்ப்பு இல்லை, அவ்வளவுதான்.

7/ அண்ணன் வயித்தைச் சுத்தி டேப் வெச்சோம். 94. பேசாம விரலை நீட்டினார். சுகர் 248.

உங்க வீட்டுலயும் தையல் டேப் இருக்கும். இன்னிக்கே எடுத்துப் பாருங்க.