கொத்தடிமை முறையும் அதன் ஒழிப்பும் (திருவள்ளூர் மாவட்டம்)

கொத்தடிமை முறை என்பது முன்பணமோ கடனோ வாங்கிய ஒருவர், பெரும்பாலும் குடும்பத்தோடு, அதைக் கொடுத்தவரிடமே உழைக்கக் கட்டுப்பட்டுக் கிடக்கும் நிலை. இந்தியச் சட்டம் இதற்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: உரிய கூலி கிடைக்காமை, வேறு வேலைக்குப் போக முடியாமை, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமை, தன் உழைப்பையோ அதில் விளைந்த பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமை. முன்பணத்தோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே போதும். பூட்டிய கதவையும் காவலாளியையும் தேடிப் போகும் அதிகாரிகள் இன்றும் பலர். சட்டம் அவற்றைக் கேட்கவே இல்லை.

இந்த வட்டாரத்தில் ஆள் வாணிபத்தின் வரலாற்றைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. துணி ஏற்றிய அதே சோழமண்டலக் கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்களும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். பசி தாங்காமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் உண்டு.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் படியாள்கள் (கடனுக்காக நிலக்காரரிடம் கட்டுண்ட பண்ணையாள்கள்) விடுபடவில்லை. அடிமை என்ற பெயர் போய்க் கடன் பத்திரம் வந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பு, கல்யாணச் செலவுக்கு வாங்கிய சிறு தொகைக்காகத் தலைமுறை கடந்தும் கட்டுண்டு கிடந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நிலத் திட்டம் அந்தக் குறிப்பின் விளைவு. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது. படியாள் கணக்கும் அதன் பூர்வீகச் சொத்துதான்.

அரிசி ஆலையும் சேம்பரும்

இருளர்கள் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வருமானத்தை நிறுத்தின. கையில் நிலமில்லை, சாதிச் சான்றிதழும் எளிதில் கிடைக்கவில்லை. செங்குன்றத்தைச் சுற்றிய அரிசி ஆலைகளில் நெல் அவிக்கவும் களத்தில் காயவைக்கவும் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். ஆலை வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. வாங்கிய முன்பணம் சில ஆயிரங்கள்தான். சித்தம்மாவின் பாரதி டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இம்மக்களின் விடுதலைக்கும் சங்கம் சேர்வதற்கும் உழைத்தன.

செங்கல் சூளையின் கதை வேறு. சென்னையைக் கட்டும் ‘சேம்பர் கல்’ என்னும் சூளைச் செங்கல் பெருமளவில் இந்த மாவட்டத்தில் வேகிறது. ஆள் வருவது மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களிலிருந்து. ‘சர்தார்’ என்னும் தரகர் அறுவடைத் திருநாளான நுவாகாயை ஒட்டி, வீட்டில் காசில்லாத நேரம் பார்த்து முன்பணம் கொடுக்கிறார். கணவன், மனைவி, ஒரு பிள்ளை மூவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பனிக்காலத்தில் வண்டியேறி, கோடை முடியும்வரை மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. நடுவில் கைக்கு வருவது வாரச் செலவுக் காசு மட்டுமே. கணக்குத் தீர்ப்பது பருவம் முடிந்த பிறகு. திடீர் மழையில் பச்சைக் கல் கரைந்தால் அந்த நாளின் உழைப்பு கணக்கில் ஏறாது. பிள்ளையின் கையும் கல் எண்ணிக்கையில் சேருகிறது, ஆனால் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது.

2011இல் ஒரே சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்டோரும், 2015இல் புதுக்குப்பத்தில் 300க்கும் மேற்பட்டோரும் மீட்கப்பட்டார்கள். 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, ஊருக்குப் போகக் கேட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் ஒரு சூளையில் தாக்கப்பட்டார்கள். செய்தி கைபேசி வழியாக வெளியே கசிந்ததும் மாவட்டச் சூளைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப வழி பிறந்தது.

சட்டம்

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனாலும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்தான். அதன் உயிர்நாடி இரண்டு: முன்பணக் கடன் முழுவதும் செல்லாது, அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சேரும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனையோ அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். அந்த அபராதம் இன்று யாரையும் உறுத்தாது.

விடுதலைச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையில். அது இல்லாமல் மறுவாழ்வுத் தொகை கிடையாது. 2016 திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய். உடனடி உதவி 20,000 ரூபாய் வரை இருந்தது; 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் 30,000 வரை ஆனது. முழுத்தொகைக்கு வழக்கு முடிய வேண்டும். தொழிலாளி அதற்குள் பலாங்கீரில் இருப்பார், அல்லது வேறொரு சூளையில்.

கம்பெனிகளின் பங்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் வடமாநில ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். ஐந்து பேரையோ அதற்கு மேலோ வெளிமாநிலத்திலிருந்து அழைத்துவரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. அண்மைக்கால விதிகள் ஒப்பந்தக்காரரைத் தாண்டிக் கொள்முதல் செய்யும் நிறுவனத்தையும் கேள்வி கேட்கின்றன. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ வணிகம் செய்யும் நிறுவனம், அடிமை உழைப்பைத் தடுக்க எடுத்த நடவடிக்கை பற்றி அறிக்கை வெளியிட வேண்டும். ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டம் ஏற்கும் என்பது வேடிக்கை. இந்தியப் பங்குச்சந்தையின் கட்டுப்பாட்டு வாரியமான செபி, 2022-23ஆம் நிதியாண்டிலிருந்து முன்னணி 1,000 பங்குச்சந்தை நிறுவனங்களிடம் கட்டாய உழைப்பு பற்றிய புகார்களைக் கேட்கிறது. அந்தப் படிவத்தில் சொந்த ஆலை பற்றிய கேள்விகள் கட்டாயம்; பொருள் தருவோரின் ஆலைகளை மதிப்பிட்டீர்களா என்ற கேள்வி விருப்பப் பகுதியில் இருக்கிறது. ஒடிசாக் கிராமத்தில் சர்தார் கொடுத்த முன்பணத்துக்கு இரண்டிலும் கட்டம் இல்லை. கட்டாய உழைப்பில் உருவான பொருளைச் சந்தையிலிருந்தே விலக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. அங்கே ஏற்றுமதியாகும் பொருளுக்கு அது பொருந்தும். சேம்பர் கல் திருவள்ளூரில் வெந்து சென்னையிலேயே சுவராகிவிடுகிறது.